மயில்துத்தத்தில் மிதந்த துளி

“இன்னைக்கு எந்தக் கை அண்ணாச்சி?”

“வலதுலயே எடுட்டி. இடதுல வாயுப்பிடிப்பு.”

“விரலை நீட்டுங்க.”

“குத்து, குத்து. சுத்தியல் நசுக்குன விரலு, ஒன் ஊசிக்கா அழப்போவுது?”

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் ஐவி ஒரு துளியை மயில்துத்தக் கரைசலில் விட்டாள். சத்துள்ள ரத்தம் கல்லைப்போல அடியில் போய் உட்காரும். இது பாதிவழி இறங்கி, மேலே வந்து மிதந்தது. கரைசலை மாற்றிப் பார்த்தாள். மறுபடியும் மிதந்தது.

“இடது கையைக் காட்டுங்க.”

“நக்கோ,” என்று ஊர் உருதுவில் வேண்டாமென்றார்.

யாரிடமும் குரலை உயர்த்தாத ஐவி அவர் சட்டைக் கையை வெடுக்கென்று மேலே இழுத்தாள். முழங்கை மடிப்பில் புது ஊசித் தடம். சுற்றிலும் மஞ்சள் பாரித்த பழைய காயங்கள்.

தனசிங் அண்ணாச்சி ரயில்வே பட்டறையில் பிட்டர். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து செகந்திராபாத்தில் இருபது வருஷம். உப்பலில் வாட்ச்மேனாக இருந்த லட்சுமணனின் மகள் கமலாவுக்கு ரத்த அணுக்கள் அரிவாளாக வளைந்துபோகும் நோய். எட்டு வயதுப் பிள்ளை வலியில் துடிக்கும். ரத்தம் ஏற்றினால்தான் எழுந்து உட்காரும். அவளுடைய அபூர்வமான பி நெகட்டிவ் வகைதான் தனசிங்குக்கும். இந்த 1978-ஓடு நான்கு வருஷமாகக் கொடுக்கிறார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். பிள்ளைக்கு அதுவரை தாங்காது. நம் சபைக்காரர்களுக்குத்தான் பெயர் இரண்டாயிற்றே! செகந்திராபாத் ரத்ததான கார்டில் ஞானஸ்நானப் பெயர் தனசிங். ஆற்றுக்கு அந்தப்பக்க ஆஸ்பத்திரி கார்டில் வீட்டில் கூப்பிடும் துரைராஜ். இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டு கார்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்தார்.

“செத்துப்போவீங்க அண்ணாச்சி! அக்காவுக்குத் தெரியுமா?”

“எலிசபெத்துக்குத் தெரிஞ்சா சோத்துல விஷம் வைப்பா.”

“சிரிக்காதீங்க. இன்னைக்கு எடுக்க மாட்டேன். இனி ஆறு மாசத்துக்கு யாரும் எடுக்க முடியாது.”

சிரிப்பு அடங்கியது. மேல்மாடி வார்டில் கமலா காலையிலிருந்து கண் திறக்கவில்லை என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“ஒனக்கும் இதே குரூப்புன்னு ஒங்கம்மா சர்ச்சுல சொன்னா. கல்யாணம் ஆவாத பொண்ணு ரத்தம் குடுக்கப்படாதுன்னு அவ மறிக்கதும் தெரியும். நான் அவகிட்ட பேசிக்கிடுதேன். இந்த ஒருதடவ எனக்குப் பதிலா ரத்தம் குடுக்க நீ படுத்துக்கிடுதியா, தாயி?”