கடலுக்கடியில் தட்டியவர்கள்

இரும்புக் கட்டிலின் சட்டத்தில் எவர்சில்வர் ஸ்பூனால் தட்டும் ஓசை. சகலையை நினைத்தால் எனக்கு அவர் முகத்துக்கு முந்தி அதுதான் வருகிறது. அதை டொக் என்றும் சொல்ல முடியாது, டிங் என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூட மணிக்கு ஜலதோஷம் பிடித்தால் எப்படி ஒலிக்குமோ அப்படி. திண்டிவனத்து வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம் போட்ட பழைய கட்டில். மருந்து ஊற்றிக் கொடுக்கிற சின்ன ஸ்பூன். கூப்பிடுவதற்கு ஆகிற மூச்சை மிச்சம் பிடிக்கலாம் என்று அவர் தட்ட ஆரம்பித்திருந்தார். தட்டினால் அடுப்படியிலிருந்து “தோ வர்றேன்” என்று அண்ணியின் குரல் வரும். இத்தனை வருடத் தாம்பத்தியம் ஒரு ஸ்பூனிலும் இரண்டு சொல்லிலும் அடங்கிவிட்டிருந்தது. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதி அனுப்பி, ‘இன்னும் சுருக்கலாம்’ என்ற குறிப்போடு திரும்பப் பெறுகிறவன் நான். அந்தச் சுருக்கம் எனக்குக் கைவந்ததே இல்லை.

முகையூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். மூத்த பெண்ணை அவரும் இளையவளை நானும் கட்டினோம். என் மனைவியின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். நானும் அவர் கணவரும் ஒருவரையொருவர் சகலை என்றே அழைத்துக்கொண்டோம். ஒரே மாமனாரிடம் மாட்டிக்கொண்டவர்கள் என்கிற தோழமைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அவர் திண்டிவனத்தில் ஆயுள் காப்பீட்டு முகவர். எதிரில் இருப்பவர் என்றைக்காவது சாவார் என்பதை மனம் நோகாமல் எடுத்துச் சொல்வது அவர் தொழில். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி நூலகர். எடுத்துப்போன புத்தகம் என்றைக்காவது திரும்பி வருமா என்பதை மனம் நோகாமல் கேட்பது என் தொழில். இரண்டு பேரில் அவர் வாடிக்கையாளர்கள்தான் சொன்ன சொல் தவறாதவர்கள்.

அவருக்கு ராக்கெட் பைத்தியம். ராக்கெட் விடுகிற நாளில் அவர் திண்டிவனத்து மொட்டைமாடியிலும் நான் விழுப்புரத்து மொட்டைமாடியிலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வடகிழக்கே பார்த்தபடி நிற்போம். திண்டிவனம் ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கொஞ்சம் கிட்டே, ஆகையால் தனக்குத்தான் முதலில் தெரியும் என்பது அவர் கட்சி. எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று நான் சலித்துக்கொண்டால், “ஒனக்கு இன்னும் வர்ல சகலை, விக்கிரவாண்டி டோல்கேட்ல நிக்குது” என்பார். வானம் தெளிந்த சாயங்காலங்களில் ஓர் ஆரஞ்சுப் பொட்டு மேலேறுவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறாராம். நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். அது செல்போன் கோபுரத்து விளக்கு என்று மனைவி பிற்பாடு தெளிவுபடுத்தினாள்.

மேகம் மூடிய நாட்களில் கீழே ஓடுகிற டிவியை நம்பித்தான் வர்ணனை. எரிபொருள் தீர்ந்த அடுக்கு கழன்று விழுகிற கட்டம் வந்ததும் அவர் குரல் ஒரு படி ஏறும். “பிரிஞ்சிடுச்சி சகலை!” முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘பிரிஞ்சிடுச்சி’. அப்பன் சொத்து பிரிந்ததையும், அண்ணன் தம்பி அடுப்பு பிரிந்ததையும், இரண்டு மகள்கள் கல்யாணமாகி ஆளுக்கொரு தேசத்துக்குப் பிரிந்ததையும் பார்த்த மனிதர். பிரிந்தால் கைதட்டுகிற ஒரே இடம் ராக்கெட்தான் என்று அடிக்கடி சொல்வார்.

பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் மெல்ல மெல்ல நாராகிப் போகிற வியாதி. டாக்டர் சொன்ன ஆங்கிலப் பெயரை அகராதியில் தேடினேன். காரணம் தெரியாது என்பதைத்தான் அவ்வளவு நீளமாக வைத்திருந்தார்கள். மொட்டைமாடி முதலில் போனது, பிறகு வாசற்படி, பிறகு குளியலறை. கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற இயந்திரம் ஒன்று மாவு மில் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், அங்கே வைத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்ச காலம் இழுக்கலாம் என்றார் டாக்டர். சகலை மாட்டேன் என்றார். அவருக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படி உள்ளே போய், மூஞ்சியில் மூடி போட்டு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமே முடிந்துபோனார்களாம். பெண்டாட்டி முகம் தெரியாத இடத்தில் மூச்சுவிட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். அண்ணி அழுது பார்த்தார், நான் புள்ளிவிவரம் சொல்லிப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான் கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான், அட்லாண்டிக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பழைய கப்பலைச் சுற்றிப்பார்க்கப் போன சின்ன நீர்மூழ்கி ஒன்றைக் காணவில்லை என்று செய்தி வந்தது. உள்ளே ஆட்கள். வெளியிலிருந்து போல்ட்டு முடுக்கி மூடுகிற கதவு. டிவித் திரையின் மூலையில், உள்ளே இன்னும் எவ்வளவு நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கும் என்பதைச் சிவப்பு எண்களில் இறங்குமுகமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சகலை அந்த எண்ணைப் பார்ப்பார். பிறகு தலையைத் திருப்பித் தன் சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர் வந்து, பணம் கொழுத்தவன்கள் வேலையற்றுப் போய் மாட்டிக்கொண்டான்கள், இதற்கு என்ன சார் இவ்வளவு என்றார். “அந்தப் பணத்த உள்ள இஸ்து வெளிய உட முடியுமா?” என்று கேட்டார் சகலை. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் நான்கு இடத்தில் நிறுத்தினார்.

மறுநாள் அண்ணியைத் தட்டிக் கூப்பிட்டுச் சொன்னார்: “அவங்கள மேல கொண்டாந்துட்டாங்கன்னா நான் பாண்டிக்கு வர்றேன்.”

அண்ணி உடனே என் மனைவிக்குப் போன் செய்தார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் கடற்படையாக மாறிவிட்டது. அட்லாண்டிக் எந்தத் திசையில் இருக்கிறது என்று அதுவரை கேட்டிராத என் மனைவி, எந்தக் கப்பல் எங்கே தேடுகிறது என்று எனக்கு விளக்கினாள். இயந்திரக் கை வைத்த வண்டியை இறக்கப்போகிறார்களாம் என்று சமையலுக்கு நடுவே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியதோடு நிற்காமல் பங்குச் சாமியாரிடமும் போய் நின்றார். காலைப் பூசையில் நோயாளிகளுக்கும், மழைக்கும், பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கும் அடுத்து, ஆழ்கடலில் சிக்கியிருக்கும் அயல்நாட்டுச் சகோதரர்களுக்காகவும் திண்டிவனத்து ஜனங்கள் ‘ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்றார்கள். கோடீஸ்வரர்களுக்காக எங்கள் குடும்பம் இவ்வளவு மனமுருகி வேண்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. கடலுக்கடியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது, விட்டுவிட்டுக் கேட்கிறது என்றார்கள். சகலை தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்ததாக அண்ணி போனில் சொன்னார். “தட்றாங்கோ, இருக்காங்கோ” என்று சொல்லிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டாராம். பையை எடுத்து வைக்கச் சொன்னாராம். கைலி, துண்டு, ஸ்கேன் படங்கள், ஜெபமாலை எல்லாம் அடங்கிய பை நிலைப்படிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஆம்புலன்ஸ்காரரிடம் பேசிவைத்தார்கள். நானும் ஒரு பகுத்தறிவுவாதியின் கௌரவத்தோடு, யாருக்கும் தெரியாமல், வேண்டிக்கொண்டேன்.

உடைந்த துண்டுகள் கடல் தரையில் கிடக்கின்றன என்று அறிவித்த மறுநாள் காலை, அண்ணி டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேபிள் வரவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்தார். “தம்பி, நீங்க வாங்க. நீங்கதான் எழுதறவரு. கண்டுபுட்ச்சிட்டாங்கன்னு எதனா சொல்லி வண்டில ஏத்தி உட்டுடுங்க.” என் எழுத்தின்மீது ஒருவர் இவ்வளவு நம்பிக்கை வைத்தது அதுவே முதல் முறை. பஸ்ஸில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நீர்மூழ்கியை மேலே தூக்கிவிட்டேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் உள்ளே இருந்தவர்களுக்குக் கம்பளி போர்த்தி, கையில் சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்திருந்தேன்.

சகலை நான் செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டார். தலையணைக்கு அடியில் அவர் போன் இருந்தது. ஒயரைப் பிடுங்குகிற அவசரத்தில் அண்ணி அதை மறந்திருந்தார்.

“வேணாம் சகலை. ஒனக்கு ஜோக்கே சரியா சொல்ல வராது” என்றார். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். “மொத நாளே போயிட்டாங்களாம். எறங்கிக்கினு இருக்கும்போதே. நாமதான் இங்க குந்திக்கினு ஆக்சிஜன் எண்ணிக்கினு இருந்தோம்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியவர், மறுபடி என்னைப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்: “அப்ப யாரு தட்னது?”

கடலிலேயே ஆயிரம் சத்தம் உண்டு, தேடப்போன கப்பல்களின் சத்தமாகக்கூட இருக்கலாம் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். கடலுக்குத் தட்டுவதற்கு என்ன வேலை என்றார். பை நிலைப்படியருகில் அப்படியே இருந்தது. யாரும் அதைப் பிரிக்கவில்லை. அவர் பாண்டிக்கு வரவில்லை.

அடுத்த மாதம் நிலவுக்கு ராக்கெட் போயிற்று. பிற்பகல் வெயிலில், எதுவும் தெரியாது என்று தெரிந்தே, விழுப்புரத்து மாடியில் தனியாக நின்றேன். போனில் டிவி இரைச்சலும் இயந்திரத்தின் உறுமலும் கேட்டன. அவற்றுக்கு நடுவே, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி அவர் அந்தச் சொல்லைக் கோத்து எடுத்தார். “பிரி… பிரிஞ்சிடுச்சி சகலை.” ஒரு அடுக்கையும் அவர் விடவில்லை. அது நிலவில் இறங்குகிற அன்று வரைக்கும் இருந்துவிட்டால் போதும் என்றார். நான் இருப்பீர்கள் என்றேன். அவர் காப்பீட்டு முகவர். அந்தத் தொனியை அவர் ஆயிரம் வீடுகளில் கேட்டிருப்பார்.

இறங்குகிற நாள் நெருங்கிவிட்டிருந்தது. தாய்க்கலத்திலிருந்து தரையிறங்கும் கலம் அந்த வாரம் பிரியப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போனில் சகலையின் எண். எடுத்தேன். அண்ணியின் குரல். “தம்பி, பிரிஞ்சிடுச்சி.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விடலாம். ஆனாலும் அதுதான் உண்மை. அவர் பேச முடியாமல் அண்ணியைப் பேசச் சொல்லியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வாயில் நுரையோடு, “எத்தினாவது அண்ணி?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அண்ணி, என்னைத் தேற்றுகிறவர் மாதிரி, “ஒண்ணே ஒண்ணுதான் தம்பி” என்றார்.

கலம் நிலவில் இறங்கிய மாலை ஊரே வெடி வெடித்தது. துக்க வீட்டில் டிவி போடலாமா என்று உறவுக்காரர்கள் தயங்கினார்கள். பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, போடுங்கள் என்றார் அண்ணி. திரையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம்.

போன மாதம் திண்டிவனம் போயிருந்தோம். ஏதோ ஒரு செயற்கைக்கோளை ஏவுகிறார்கள் என்று டிவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அடுப்படியில் இருந்தார். கட்டில் அங்கேயேதான் கிடக்கிறது. யாரும் படுப்பதில்லை, துவைத்த துணியை மடித்து வைக்கிறார்கள். அதன் ஓரத்தில் உட்கார்ந்து என் மனைவி காபிக்குச் சர்க்கரை கலக்கினாள். கலக்கிவிட்டு, ஸ்பூனில் ஒட்டியிருந்த சொட்டு விழட்டும் என்று நினைவில்லாமல் பக்கத்துச் சட்டத்தில் தட்டினாள்.

“தோ வர்றேன்” என்றது அடுப்படி.

ஈரக் கையோடு அண்ணி நிலைப்படி வரை வந்துவிட்டார். வந்தவர் கட்டிலையும் மடித்த துணிகளையும் பார்த்தார். டிவியில் ஏதோ பிரிந்து, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாரு தட்னது?” என்று கேட்டார்.

என் மனைவி ஸ்பூனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.