பச்சை வண்டியும் புளியங்கட்டையும்

அண்ணனுடைய முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் வண்டி வாங்குகிறவர்களுக்கு அண்ணன் சொல்லும் யோசனைகளையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் அந்த யோசனைகள் எல்லாம் கடைசியில் ஒரே வண்டியில் போய் நிற்கின்றன, நம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பச்சை வண்டியில். திருப்பலி முடிந்ததும் அதை உடைக்கப் போட்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருப்பது எனக்குத் தெரியும். அதற்கு முன் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

அண்ணன் பிறந்தது நாகப்பட்டினத்தில். அப்பா துறைமுகத்திலிருந்து மீன் லாரி ஓட்டினார். அப்பா தவறியபோது அண்ணன் பத்தாவது முடிக்கவில்லை, எனக்கு நடக்கக்கூடத் தெரியாது. அண்ணன் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். பிறகு வளைகுடாவுக்குப் போய், மணலில் புதைந்து எழும் பெரிய ஃபோர் வீல் வண்டிகளைப் பல வருடம் பழுது பார்த்தார். அவர் அனுப்பியதில்தான் நான் படித்து ஆசிரியையானேன். ஊர் திரும்பி, குடமுருட்டிக் கரையோரம் வலங்கைமானில் ஷெட் போட்டார். ஐப்பசி மழையில் நம் களிமண் பாதையில் எந்த வண்டி போகும், எது படுத்துக்கொள்ளும் என்று அவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் யாரும் ஃபோர் வீல் வாங்கியதில்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அண்ணன் வீடே என் வீடு, அண்ணியும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

அண்ணனுக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்கு. ஷெட்டில் யாராவது பேய், காத்து கருப்பு என்று பேச்செடுத்தால் கையில் இருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார். “பேயின்னு சொல்றதுக்கு முன்னாடி ஓட்டை எங்க இருக்குன்னு பாருங்க” என்பார். பக்திமான்தான். வேளாங்கண்ணிக்கு வருடா வருடம் நடந்தே போவார். ஆனால் மாதாவுக்கு மெக்கானிக் வேலை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அவர் பழைய வண்டி பார்க்கும் விதம் ஷெட்டுக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். முதலில் இன்ஜினைத் திறக்க மாட்டார். விற்கிறவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே ஏறி, நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, பத்து அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் வண்டியோடு ஏதோ பேசுகிறார் போலிருக்கும். அவர் செய்தது மூச்சு இழுப்பது மட்டும்தான். தண்ணீரில் நின்ற வண்டியில் எத்தனை சென்ட் அடித்தாலும் அடியில் சேற்று வாசனை இருக்கும், கதவை மூடிக்கொண்டு காத்திருந்தால் அது மெல்ல எழுந்து வரும் என்பார். அப்புறம் சீட் பெல்ட்டை, பின் சீட்டு பெல்ட்டையும் விடாமல், கடைசி அங்குலம் வரை இழுத்துப் பார்ப்பார். சீட்டைத் துவைக்கிறவன் பெல்ட்டின் அடிவால் வரை துவைப்பதில்லை. வெள்ளம் எதுவரை ஏறியது என்று அங்கே ஒரு கோடு இருக்கும்.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். நான்கு டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்று பார்ப்பார். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும்போது கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பெட்டியே வீணாகிவிடும். முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஆயிலைச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். அது மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கடற்கரை ஊர் வண்டியென்றால் அடியில் இருக்கும் சேஸ் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் பெயின்டுக்குள் துருதான் இருக்கிறது. வாங்கிய பிறகு மாதம் ஒரு தடவையாவது மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு ஓட்ட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் போடவே கூடாது. போட்டால் லீவர் இறுகிக்கொண்டு வெளியே வராது. வண்டிக்கு அடியில் படுக்கும் முன் டயருக்குக் கட்டை வைக்க வேண்டும். இதை அவர் சொல்லாத நாளில்லை.

பச்சை வண்டி வந்த கதைக்கு வருகிறேன். நாகப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு பெரியவர் விற்க வேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினார். அண்ணனுடன் நானும் போயிருந்தேன். வீட்டுக்கு எதிரே வாய்க்கால், வாசலில் வண்டி. அண்ணன் உள்ளே உட்கார்ந்து எழுந்தபோது அவர் முகம் சரியாக இல்லை. பின் சீட்டு பெல்ட்டை இழுத்தார். கடைசி ஒரு முழம் முழுக்கக் காய்ந்த வண்டல். பெரியவர் அப்போதுதான் சொன்னார். அவர் மகன் வெள்ளத்தன்று இந்த வண்டியில் போனவன். மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது, மகன் கிடைக்கவில்லை. அதோடு அவர் நிறுத்தவில்லை.

“கியர்லதான் போட்டு நிறுத்துறேன் தம்பி. சாப்பிட்டுட்டு வந்து பாத்தா வாய்க்கா பக்கம் ரெண்டடி நகந்து நிக்குது. பட்டப்பகல்ல.”

நான் வண்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. பெரியவரின் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்து, பெரிய கியருக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன லீவரைக் காட்டினார். அதுதான் இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா என்று மாற்றுவது. அதற்கு நடுவில் ஓர் இடம் உண்டு. அங்கே நின்றுவிட்டால் எந்த கியரில் போட்டிருந்தாலும் சக்கரங்கள் சும்மா உருளும். உள்ளே ஸ்பிரிங் தேய்ந்திருந்ததால் லீவர் தானாக அங்கே போய் நின்றுகொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிளும் துருவேறியிருந்தது. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி, இருந்தாலும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க என்றார்.

ஸ்பிரிங் மாற்றிய பிறகு வண்டி நகரவில்லை. ஆனால் அதை விற்க முடியவில்லை. தண்ணீரில் நின்ற வண்டி என்று சொல்லாமல் அண்ணன் விற்க மாட்டார், சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். அது எங்கள் வண்டியாயிற்று. மழை வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே அதன் கண்ணாடிகள் உள்பக்கம் வேர்த்துவிடும். யாரோ உள்ளே உட்கார்ந்து மூச்சுவிட்டது போல ஓட்டுநர் பக்கம் மட்டும் அதிகமாக இருக்கும். தரை விரிப்புக்கு அடியில் இருக்கும் பஞ்சில் உப்பு ஊறியிருக்கிறது, உப்பு ஈரத்தை இழுக்கிறது என்று அண்ணன் விளக்கினார். ஷெட்டில் அவருடன் வேலை பார்த்த மூர்த்தி அதைத் தலையாட்டிக் கேட்பார். ஆனால் அந்த வண்டியில் தனியாக ஏற மாட்டார்.

மழைக்காலத்தில் என் பள்ளிக்கூடத்துப் பாதையில் வேறெதுவும் போகாது என்பதால் அதை நான்தான் ஓட்டிப் போவேன். கேபிளை மாற்றியும் ஹேண்ட் பிரேக் என்றைக்குமே முழுசாகப் பிடித்ததில்லை. அதற்காக அண்ணன் ஆப்பு வடிவில் ஒரு புளியங்கட்டை செதுக்கிக் கொடுத்திருந்தார். நிறுத்தும் இடத்திலெல்லாம் பின் சக்கரத்துக்குப் பின்னால் அதை வைக்க வேண்டும்.

இனி எழுதுவது இதுவரை ஊருக்குச் சொல்லாதது. அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. மழை வலுத்ததால் அவசரமாக வண்டியை முன்னால் எடுத்துக் கிளம்பிவிட்டேன். கட்டை பள்ளிக்கூட வாசல் சேற்றிலேயே கிடந்தது. எங்கள் பக்கம் வந்தபோது ரோடு காய்ந்திருந்தது. ஃபோர் வீலை எடுக்க மறந்து தார் ரோட்டிலேயே வந்தேன். வண்டி அடியில் முனகியது. ஷெட் வாசல் சரிவில் நிறுத்திவிட்டு சின்ன லீவரை எடுக்கப் பார்த்தேன், இறுகிக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். ‘டக்’கென்று விட்டது. அப்பாடா என்று முதல் கியரில் போட்டு, பிடித்தும் பிடிக்காத ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி முனகுகிறது என்று அண்ணனிடம் நான்தான் சொன்னேன். அவர் கட்டையைத் தேடிவிட்டு, ஒரு பாதிச் செங்கல்லை வைத்து அடியில் படுத்தார். நான் சமையலறையில் இருந்தேன். செங்கல் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

தஞ்சாவூர் மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். சின்ன லீவர் நடுவில் நின்றதைப் பார்த்த மூர்த்தி, எப்படியென்று புரியாமல் நின்றார். பார்க்க வந்த நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அண்ணன் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்.

“அந்த வண்டி அப்படித்தாங்க. அதுவா நகரும்.”

வாழ்நாள் முழுக்கப் பேய்க் கதையைக் காதால் கேட்காத மனிதர் வாயிலிருந்து அது வந்ததும், கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அவரே சொல்லிவிட்டார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே ஊர் முடிவு செய்துவிட்டது. வெள்ளத்தில் போன நாகப்பட்டினத்துப் பையன்தான் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டான் என்று பேசினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணியை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“கட்டைய ஸ்கூல்லேருந்து எடுத்துட்டு வந்துடு பாப்பா. யாரும் பாக்குறதுக்குள்ள.”

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எனக்காக அதைப் பேய் என்று சொல்லியிருந்தார். நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் விடியும்போது அவர் இல்லை.

கட்டையை எடுத்து வந்து என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கழுவித் துடைத்து வெயிலில் காய வைத்த கட்டைதான். ஆனாலும் மழைக்கு முன்னால் பீரோவைத் திறந்தால் ஆற்றுச் சேற்று வாசனை எழுந்து வருகிறது. உடுத்தும் சேலையிலெல்லாம் அது இருக்கிறது. பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு அது தெரிகிறதா என்று ஒரு வருடமாக அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மரத்துக்குள் ஊறிய ஈரம் என்று அண்ணன் விளக்கியிருப்பார். சென்ற வாரம் அந்த வண்டிக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, அவர் மாதிரியே பத்து அருள்நிறை மந்திரம் சொன்னேன். என் பக்கக் கண்ணாடி வேர்த்தது. பயமாக இருந்தது. இறங்காமல் பத்தையும் சொல்லி முடித்தேன்.

அண்ணன் படுத்த மூன்று நாளும் கூடவே நின்ற மூர்த்திக்கும், ரத்தம் கொடுத்த பங்கு இளைஞர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டு வந்த பக்கத்து வீட்டாருக்கும், மழையோடு மழையாக வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாவம், தங்கச்சியை அந்த வண்டி அநாதையாக்கிவிட்டது என்று என் தலையைத் தடவியவர்களுக்கும் நன்றி. அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளும் தகுதி எனக்கு இருக்கவில்லை. அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் நேற்றுவரை சொல்லத் தைரியம் வரவில்லை. நேற்றுதான், இந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களிடம் படித்துக் காட்டினேன். அண்ணி தாளை வாங்கி இன்னொரு தடவை படித்தார்கள். பிறகு, அவர் சொன்ன யோசனை எதுவும் விட்டுப்போகாம போடு என்று மட்டும் சொன்னார்கள்.

திருப்பலிக்குப் புறப்படும் முன் அந்தப் புளியங்கட்டையைக் கொட்டகையில் பச்சை வண்டியின் பின் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வருவேன். வண்டியை உடைக்க வருகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். அந்த வண்டி ஒரு நாளும் தானாக நகர்ந்ததில்லை.