காவலைப் பத்து நிமிடம் நிறுத்திய காலை

கோபம் வந்தால் நான் கணினியோடும் சண்டை போடுவேன். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், கல்யாணப் பத்திரிகை தயாரிக்கும் என் சின்னக் கடையில் அன்று காலை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். புதுக் கணினி வாங்கி மூன்றே நாள். பதினைந்து வருடமாக நான் தமிழ் தட்டச்சு செய்யும் பழைய மென்பொருளை அதில் ஏற்றினால், உள்ளேயே இருக்கும் வைரஸ் தடுப்பு 'அபாயம்' என்று சொல்லித் தூக்கி எறிகிறது. அடப்பாவி, அதுதான் எனக்குச் சோறு போடுகிறது என்று திரையைப் பார்த்துத் திட்டினேன்.

திட்டி முடித்ததும் ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. தேடிப் படித்தேன். நான் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் கவனித்துத்தான் அந்த மென்பொருள் தமிழாக மாற்றுகிறது. கடவுச்சொல் திருடுகிற மென்பொருளும் அப்படித்தான் கவனிக்குமாம். காவல்காரனுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிந்திருக்கிறது. பாவம், பாதிக் கோபம் போய்விட்டது.

கொஞ்ச நேரம் தடுப்பை நிறுத்திவிட்டு ஏற்றினேன். வேலை செய்தது. எதிர்க்கடையில் தே தாரிக், அதுதான் நுரை பொங்க ஆற்றிய டீ, குடித்துவிட்டு வந்து பார்த்தால் மென்பொருளைக் காணோம்! யார் வந்து தொட்டது என்று பூட்டியிருந்த கதவைச் சந்தேகப்பட்டேன். சற்று நேரத்தில் தானாகவே விழித்துக்கொள்ளும்படிதான் தடுப்பை அமைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. என்னைப் போன்ற மறதிக்காரர்களை நன்றாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் தடவை பயந்து பயந்து செய்தேன். பயத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் பழைய கணினியில் புகுந்த வைரஸ் ஒன்பது குடும்பங்களின் பத்திரிகைகளைத் தின்றுவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். இப்போது இந்தக் கணினியில் ஆறு கல்யாணம் இருந்தது.

அதனால் முதலில் அந்த மென்பொருளின் கோப்பை, பல தடுப்புகள் சேர்ந்து சோதிக்கும் இணையதளத்தில் ஏற்றிப் பார்த்தேன். ஒன்றிரண்டுதான் முகம் சுளித்தன. பிறகு இணையக் கேபிளைப் பிடுங்கினேன். தடுப்பை நிறுத்தினேன். மென்பொருளை ஏற்றி, அது இருக்கும் ஒரே ஒரு கோப்புறையை மட்டும் 'இதைத் தொடாதே' என்ற பட்டியலில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான், பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் நானா வந்தார். பக்கத்தில் அத்தர் கடை வைத்திருப்பவர்; என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவேன். எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள், தம்ப்டிரைவை அவர்களே கணினியில் சொருகிக் கோப்பைத் திறந்துவிடுவார்கள். விலைப்பட்டியல் அச்சடிக்க வந்த நானாவும் நேராகக் கையை நீட்டினார். நான் பாய்ந்து, சொருகும் இடத்தை உள்ளங்கையால் மூடினேன்.

"என்ன தங்கச்சி, என்னையுமா சந்தேகப்படுறே?" என்றார். முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் கையை எடுக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து நடந்ததை அவரிடம் சொல்லிக்கொண்டே வேலையை முடித்துத் தடுப்பை மறுபடி இயக்கினேன். பச்சைக் குறி வந்ததும் கேபிளை மாட்டி, தம்ப்டிரைவை நானே வாங்கிச் சொருகினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, சிவப்பு எச்சரிக்கை வந்தது.

நானா சிரித்தார். என் தமிழையே திருடன் என்று சொன்ன காவல்காரன்தானே, இவன் பேச்சை யார் நம்புவது என்று கேலி செய்தார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவருடைய விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு கோப்பு இருந்தது; தடுப்பு பிடித்தது அதைத்தான். அதை அவர் செய்யவில்லை. கொஞ்ச நாளாகவே எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, கண்தான் மங்கிவிட்டதோ என்று நினைத்தாராம்.

உங்கள் கடைக் கணினியில் தடுப்பு இதைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அது சும்மா சும்மா தொந்தரவு பண்ணுச்சுலா. மொத்தக் கம்ப்யூட்டரையும் பார்க்காதேன்னு செட் பண்ணி வெச்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். "தங்கச்சி, பேத்தி பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

கதவைப் பாதி இறக்கிவிட்டு அவர் பின்னால் ஓடினேன். முதலில் இணையக் கேபிளைப் பிடுங்குங்கள் என்று கத்தினேன். இருபது வருடப் பழக்கத்தில் நானா ஓடி அன்றுதான் பார்த்தேன்.