எதிர்க்கடை முதலாளி

ஜப்பான்காரன் ஆட்சியில் பிரிக்பீல்ட்ஸில் முதலாளியாக இருப்பது சுலபம். அதை நிரூபிப்பதுதான் பாடு. கௌஸ் பாயின் டீக்கடைக்குச் சீனி கிடைக்க முதலாளி நம்பர் வேண்டும். நம்பர் கிடைக்க, வேலையாள் சம்பளத்தில் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்க ஒரு வேலையாள் வேண்டுமே! பாயிடம் இருந்ததோ சொந்தக் கைகள் இரண்டுதான்.

எதிரே முடிவெட்டும் அய்யாவுக்கும் அதே வியாதி. அவருக்குச் சவரம் செய்யச் சவுக்காரம் வேண்டும்.

ஆகவே இவரை அவர் வேலைக்கு வைத்தார், அவரை இவர் வைத்தார். தினமும் பத்து நிமிடம் அய்யாவு கிளாஸ் கழுவினார். பத்து நிமிடம் பாய் முடி கூட்டினார். சம்பளம் அங்கே போய் இங்கே திரும்பியது. வரி மட்டும் திரும்பவில்லை. இரண்டு சுவரிலும் நம்பர் பலகை ஏறியது. பாயின் நடையே மாறிப்போனது.

மாறிய நடைக்கு ஏற்ற வாயும் வந்தது. கிளாஸில் பலகாரத்து மரவள்ளிக் கிழங்கு மாவு ஒட்டியிருக்கிறதென்று நாலுபேர் முன்னால் அய்யாவுவை அதட்டிவிட்டார். அய்யாவு வேலையை விட்டார். சாலையைக் கடந்ததும் முதலாளியாகி, பாயின் வேலைச் சீட்டைக் கிழித்தார்.

மறுவாரம் வரி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தது. வேலையாள் இல்லாத கடையில் பலகையைக் கழற்றுகிறாராம். பாய் சீனி டின்னைப் பார்த்தார், ரோஷத்தை விழுங்கினார், சமாதானமாகி மறுபடி முடி கூட்ட எதிர்க்கடைக்கு ஓடினார். போய்க்கொண்டிருந்த லோரிக்கு முன்னால் இவர் கடந்தபோது பின்னால் யார் கடந்தார் என்று பார்க்கவில்லை. துடைப்பத்தோடு நிமிர்ந்தால், எதிரே தன் கடையில் அய்யாவு கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கிறார்!

கிராணி முதலில் டீக்கடையில் விசாரித்துவிட்டு இங்கே வந்தார். முதலாளி எங்கே என்றார். எதிர்க்கடையில் என்றார் பாய். அங்கே இருப்பவன் முதலாளி இங்கே என்கிறானே என்றார் கிராணி. அதுவும் சரிதான் என்றார் பாய்.

மறுபடி சாலையைக் கடக்க மனமில்லாத கிராணி, முதலாளி வரும்வரை ஷேவ் பண்ணு என்று நாற்காலியில் சாய்ந்தார். பாய் கத்தியை விரித்து, வழக்கம்போல் பிஸ்மில்லா சொன்னார்.

கிராணி ஒரு கண்ணைத் திறந்தார். "இதுக்கு முன்னால யாருக்குப் பண்ணியிருக்கே?"

"கோழிக்குத்தான் லா, தொரை."

இரண்டு கடைக்கும் சேர்த்து, 'வேலையாள் பணியில் உள்ளார்' என்று எழுந்து நின்றபடியே முத்திரை குத்தினார் கிராணி; சைக்கிள் பறந்தது.

பாய் தன் கடைக்குத் திரும்பினார். அய்யாவு ஒரு டீயை நீட்டினார்.

"கிளாஸ் சுத்தமா இருக்கா, முதலாளி?"

விளிம்பில் கட்டை விரலளவு மாவு.

"பளபளன்னு இருக்கு, முதலாளி," என்று பாய் அந்தப் பக்கமாகவே வாய் வைத்துக் குடித்தார்.