எலும்பு விடாத இரும்பு

செங்கல்பட்டில் என் கணவருக்கு இடுப்பு மூட்டு மாற்றியபோது டாக்டர் சொன்னார்: "சிமெண்ட் வெச்சு ஒட்டலம்மா. எலும்பே வளர்ந்து அதைப் புடிச்சுக்கும்." டைட்டானியம் என்றார். எனக்கு அது இரும்புதான்.

அதுவரை அவர் வருவது தெருமுனையிலேயே தெரியும். வலது செருப்பு அழுந்தும், இடது செருப்பு இழுபடும். ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில் அந்தச் சத்தம் நின்றுபோனது. மாமல்லபுரம் கடற்கரை மணலில் நடந்துவிட்டு, "பாரு, ரெண்டு காலும் ஒண்ணு போல பதிஞ்சிகீது" என்று காட்டினார். வீட்டில் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்று என்னைப் பதறவைப்பதில் அவருக்கு அல்ப சந்தோஷம். திட்டுவேன்.

வருடாவருடம் எக்ஸ்ரே எடுப்போம். எலும்புக்கும் இரும்புக்கும் நடுவே கறுப்புக் கோடு தெரிந்தால் ஆட்டம் கண்டுவிட்டது என்று அர்த்தமாம். கடைசிவரை கோடு விழவில்லை. இதயம்தான் நின்றது.

அவர் போய்ப் பல வருடம் கழித்து, போன மாதம் மாமியார் மவுத்தானார். எங்கள் கபரஸ்தான் சின்னது. பழைய கபர்களைத்தான் மறுபடி திறக்கிறார்கள். மகனின் இடத்திலேயே தாய்க்கும் குழி வெட்டினார்கள். மறுநாள் கொழுந்தன் எதையோ துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"அண்ணி, அண்ணனோடது. இடுப்புல வெச்ச இரும்பு. குழி வெட்டுறவரு காயலான் கடையில போட்டுடவான்றாரு. எனக்கு மன்சு கேக்கல."

மண் ஒட்டியிருக்கிறதென்று கழுவினேன். தேய்த்தேன். மண் இல்லை, எலும்பு. இத்தனை வருடம் கழித்தும் விடவில்லை. அவருடைய லுங்கியில் சுற்றி பீரோவில் வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அன்று பொழுது சாய்ந்து மஃரிபு தொழுது முடித்தபோது வாசலில் அந்தப் பழைய சத்தம். ஒரு செருப்பு அழுந்துகிறது, இன்னொன்று இழுபடுகிறது. எட்டிப் பார்த்தால் யாருமில்லை. அடுத்த நாளும் அதே நேரத்தில் கேட்டது. எனக்குப் பயமாக இல்லை. பாவம், மறுபடியும் அவருக்கு வலிக்கிறது.

கொழுந்தனைக் கூப்பிட்டுப் பொட்டலத்தை நீட்டினேன். "தம்பி, எங்கருந்து வந்துச்சோ அங்கியே பொதைச்சிட்டு வந்துடு."

"நீங்களே வெச்சிக்குங்களேன் அண்ணி. இன்னா இப்ப?"

"அவருக்கு வேணும்" என்றேன்.

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. மஃரிபு முடிந்ததும் தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வலியில்லாமல் நடந்துவந்து என் பின்னால் நிற்கிறாரா, இல்லை வருவதையே நிறுத்திவிட்டாரா, தெரியவில்லை. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.