நான் விட்டுவிட்ட இரண்டு அசைகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஈரோட்டில் ஒரு பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். அதற்கு முன் ஹாங்காங்கில் ஒரு துணிக் கிடங்கில் இரண்டு வருடம் வேலை. அங்கே காதில் விழுந்து பழகிய காண்டனீஸ், சந்தைப் பேச்சு அளவுக்குத்தான் வரும். ஊரில் அதைச் சற்றுப் பெரிதாகவே சொல்லி வைத்திருந்தேன்.

அதை நம்பித்தான் சென்னிமலையில் எட்டுத் தறி வைத்திருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். ஹாங்காங்கிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பெட்ஷீட் வாங்க வந்திருந்தார்கள். உள்ளூர் வியாபாரி ஒருவரை மட்டும் நம்பி ஓடிய தறிகளுக்கு அது முதல் வெளிநாட்டு ஆர்டர்.

மாதிரிகளை விரித்தோம். நீலக் கட்டத்தைத் தனியே எடுத்து வைத்து, கணவர் மனைவியிடம் ஏதோ சொன்னார். "இதை எடுப்போம்" என்பது புரிந்தது. கடைசியில் "ஜூ ஸின்" என்று இரண்டு அசைகள் ஒட்டியிருந்தன. அவையும் தெளிவாகவே கேட்டன. இப்போதைக்கு என்று பொருள். பிறகு மாற்றிக்கொள்ள இடம் வைத்துப் பேசுவது. கிடங்கில் தினமும் கேட்டதுதான்.

"ஏனுங்க, என்ன சொல்றாங்க?" என்றார் அந்த அம்மா.

"நீலத்தை முடிச்சுப்போட்டாங்க" என்றேன்.

'முடிச்சுப்போட்டாங்க' என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கம் அது உறுதி, அதற்கு மேல் பேச்சில்லை.

"நீங்க இல்லீன்னா நான் பொம்மையாட்டம் மண்டைய ஆட்டிட்டு உக்காந்திருப்பேனுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாளே நாலு தறியில் ஓடிக்கொண்டிருந்த வியாபாரியின் பாவு நூலை அறுத்து இறக்கி, நீலத்தை ஏற்றினார். வியாபாரி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் வாரம் ஃபேக்ஸ் வந்தது. நீலம் வேண்டாம், அதற்குப் பதில் பச்சைக் கோடு நெய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். படித்துச் சொன்னேன்.

"பேச்சு மாறிப்போட்டாங்களே. ஏவாரம் பண்றவங்க இப்படிப் பண்ணலாமுங்களா?"

"பண்ணக்கூடாதுங்க" என்றேன்.

"இவங்க சங்காத்தமே வேண்டாம்னு எழுதிப்போடுங்க."

பச்சைக் கோடு நெய்தால் அந்த நாலு தறியும் ஓடும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சு மாறவில்லை என்பதும் தெரியும். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். "நீங்கள் வாக்குத் தவறியதால்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். செய்தி எழுதிப் பழகிய கை. நாலு வரியில் முடிந்தது.

அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்களால உங்களுக்குத்தான் எத்தனை சிரமமுங்க" என்று சொல்லி அவரே காப்பி கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன்.