நூர் பாய் சொன்ன கன்னடச் செய்தி

1988-இல் ஓசூர் மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு டிவி. அது நூர் முகமதுவின் வீட்டில் இருந்தது. ஆண்டெனாவை எப்படித் திருப்பினாலும் பெங்களூர்தான் கிடைக்கும், அதுவும் கன்னடத்தில். பிழைக்க வந்த வெளியூர்க்காரர்களான எங்களுக்கு ஒன்றும் புரியாது. கர்நாடக எல்லையோரத் தளியில் பிறந்து வளர்ந்த நூர் பாய்க்கோ கன்னடம் தண்ணீர்பட்ட பாடு.

மாலைச் செய்தி தொடங்கியதும் பாய் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். செய்தி வாசிக்கும் அம்மா ஒரு வரி சொல்ல, இவர் அதைத் தமிழில் சொல்வார். ஆரம்பத்தில் சொன்னதை மட்டும்தான் சொன்னார். ஒருநாள் மந்திரி ஒருவர் பாலம் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. "கட்டுவாரு, அவரு பேரன் காலத்துல!" என்று சேர்த்துவிட்டார். வீடே அதிர்ந்தது! மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு. அதற்கப்புறம் அந்த அம்மா ஒரு வரி சொன்னால் பாய் மூன்று வரி சொன்னார். எது யார் சொன்னது என்று நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டால் ருசி போய்விடுமே! அவர் மனைவி ஃபகருன்னிசா மட்டும், "ஏங்க, செய்திய மட்டும் சொல்லுங்க" என்பார். யார் காதில் விழும்?

அந்த வருடம் எங்கள் தொழிற்சாலையில் கதவடைப்பு. பாயும் எங்களோடு வெளியேதான். நாற்பதாவது நாள், திருநெல்வேலிக்காரன் சுடலைமுத்துவுக்குக் கோயம்புத்தூர் மில்லிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். போவதா இருப்பதா என்று தவித்தான்.

சனிக்கிழமை செய்தியில் 'ஓசூர்' என்று காதில் விழுந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டோம். பாயின் முகம் ஜொலித்தது. "பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு! திங்கக்கிழம கம்பெனி கேட்டு தொறக்குது!"

விசில் பறந்தது. யாரோ சரவெடி கொளுத்தினார்கள். சுடலைமுத்து கடிதத்தைக் கிழித்து மேலே வீசிவிட்டு ஆடினான். நானும் ஆடினேன், மறைப்பானேன்!

திங்கட்கிழமை விடிந்ததும் கேட்டுக்கு ஓடினோம். பூட்டு அப்படியே இருந்தது. கன்னடம் தெரிந்த காவலாளி திம்மராயனும் அந்தச் செய்தியைக் கேட்டிருந்தார். "பேச்சு நடக்குதுன்னுதானப்பா அந்தம்மா சொன்னாங்க. தொறக்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

சுடலைமுத்து நேரே பாய் வீட்டுக்குப் போனான். பின்னாலேயே நாங்களும் போனோம்.

"கேட்டு தொறக்கும்னு அந்தம்மா சொன்னாவளா, நீங்க சொன்னியளா?"

பாய் தலை குனிந்தார். "நாந்தாம்ப்பா. தொறந்துரணும்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு. அதுவும் சேர்ந்து வந்துருச்சு." அவர் கண் கலங்கியது. எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் கலந்து கொடுத்தவர் அவர் என்றால், இன்னும் இன்னும் என்று கேட்டு வாங்கியவர்கள் நாங்கள்தானே!

அன்று மாலை பாய் புது ஏற்பாடு ஒன்று செய்தார். "டிவிக்கு இந்தப் பக்கம் நின்னு சொன்னா அது செய்தி. அந்தப் பக்கம் நின்னு சொன்னா அது என் சொந்தப் பேச்சு."

செய்தி முடியும்வரை அவர் இந்தப் பக்கமே நின்றார். "பேச்சுவார்த்தை நாளையும் தொடரும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். வீடு இழவு வீடு போல இருந்தது. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

பின்னாலிருந்து சுடலைமுத்துவின் குரல் வந்தது.

"பாய், கொஞ்சம் அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. கேட்டு எப்பத் தொறக்கும்?"